வாத்தைச் சுடுகிறவர் காசில் பிழைத்த சதுப்பு நிலம்

மில்வாக்கியிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் ஹொரிக்கான் என்று ஒரு சிறிய ஊர் வரும். ஊரை ஒட்டி 33,000 ஏக்கரில் ஒரு சதுப்பு நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சம்பங்கோரை, நடுநடுவே தண்ணீர். விஸ்கான்சினுக்குக் குடிவந்த முதல் வருடம், பறவை பார்க்கலாம் என்று அக்டோபரில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அங்கே போனேன். மண்சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால், டப் டப் என்று துப்பாக்கிச் சத்தம். ஒரு பக்கமிருந்து அல்ல, நாலு பக்கமிருந்தும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வளர்ந்தவன் நான். சரணாலயம் என்றால் அங்கே துப்பாக்கிக்கு வேலை இல்லை என்பதைத் தாண்டி யோசித்ததே இல்லை. யாரோ திருட்டுத்தனமாகச் சுடுகிறார்கள், யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

அதற்குள் கோரைக்கு நடுவிலிருந்து ஒரு தட்டைப் படகு கரைக்கு வந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், கூடவே சொட்டச் சொட்ட நனைந்த ஒரு லாப்ரடார் நாய். படகில் மூன்று வாத்துகள். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இது மாநில அரசின் நிலம், வேட்டைக்குத் திறந்துவிட்ட நிலம், சீசன் நடக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு பச்சைத் தலை மல்லார்ட் வாத்து ஒன்றைத் திருப்பிப் போட்டு, கத்தி நுனியால் கழுத்தைக் கீறி, உள்ளே சேர்ந்திருந்ததைத் தன் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். பளபளவென்று கறுப்பு விதைகள், எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை, ஒரு பிடி இருக்கும். ஸ்மார்ட்வீட் என்ற சேற்றுச் செடியின் விதைகள் அவை. மாநில வனவிலங்குத் துறைக்காரர்கள் கோடையில் தண்ணீரை இறக்கியதால்தான் இது முளைத்தது, இது முளைத்ததால்தான் வாத்து இங்கே இறங்குகிறது என்றார்.

அந்த ஒரு பிடி விதையில்தான் அமெரிக்காவின் பொது வேட்டை நிலம் என்ற ஏற்பாடு எனக்கு முதலில் புரிந்தது. இயற்கையை அப்படியே விட்டுவிடுகிற நிலம் இல்லை அது. வயலைப் போல, ஏரியைப் போல, ஆள் வைத்துப் பராமரிக்கிற நிலம். சதுப்பைக் கரை போட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மதகு, மதகில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகள். ஒரு பலகையை எடுத்தால் சில அங்குலம் தண்ணீர் இறங்கும். தண்ணீர் மெதுவாக வடிந்து சேறு வெயில் பட்டால் அதில் விதைச் செடிகள் தாமாக முளைக்கும். விதை முற்றியதும் பலகையைத் திரும்பப் போட்டால் தண்ணீர் ஏறி, வடக்கே கனடாவிலிருந்து வருகிற வாத்துகளுக்கு விருந்து தயார். நம் ஊர் ஏரியில் மடை திறக்கிற நீர்க்கட்டிக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மற்ற இடங்களில் வேறு வேலைகள்: புல்வெளியில் மரம் ஏறாமல் இருக்கக் கணக்குப் பார்த்துத் தீ வைப்பார்கள், காட்டுக்கோழி போன்ற கிரௌஸ் பறவைக்கு இளங்காடு வேண்டும் என்று ஆஸ்பென் மரங்களைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள், பக்கத்து விவசாயிக்கு நிலத்தைப் பயிரிடக் கொடுத்து, ஒரு பங்கை அறுக்காமல் விலங்குக்கு விட்டுவிடு என்று ஒப்பந்தம் போடுவார்கள்.

ஹொரிக்கானின் கதையைத் தெரிந்துகொண்டால் இவ்வளவு மெனக்கெடல் ஏன் என்று புரியும். 1846-இல் இங்கே ஓடுகிற ராக் ஆற்றுக்கு அணை கட்டி சதுப்பு முழுவதையும் ஏரி ஆக்கினார்கள். நிலம் மூழ்கியவர்கள் வழக்குப் போட, 1869-இல் அணையை எடுத்தார்கள். தண்ணீர் வடிந்து சதுப்பு திரும்பியது, பறவையும் திரும்பியது. பின்னாலேயே வேட்டைக் கிளப்புகளும் சந்தைக்குச் சுடுகிறவர்களும் வந்தார்கள். அந்தக் காலத்தில் வாத்தைச் சுட்டு ரயிலேற்றி நகரத்து ஓட்டல்களுக்கு விற்பது ஒரு தொழில். அளவு கிடையாது, சீசன் கிடையாது. வானத்தை மறைத்துக்கொண்டு பறந்ததாகச் சொல்கிற பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது, அந்த வியாபாரத்தின் விளைவு என்ன என்பதற்கு அது போதும். ஹொரிக்கானில் 1910-லிருந்து 1914 வரை இன்னொரு கூத்து நடந்தது: சதுப்பை வெட்டி வடித்து விவசாய நிலம் ஆக்கப் பார்த்தார்கள். விவசாயமும் நடக்கவில்லை, சதுப்பும் போனது. காய்ந்துபோன மக்கு மண்ணில் தீப் பிடித்துப் பூமிக்கடியில் புகைந்துகொண்டே கிடந்தது.

கர்லி ராட்கே என்று எல்லோரும் கூப்பிட்ட லூயிஸ் ராட்கே, ஐசக் வால்டன் லீக் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்களோடு சேர்ந்து இதை மீட்கப் போராடினார். 1927-இல் மாநிலச் சட்டமன்றம் ஹொரிக்கான் மசோதாவை நிறைவேற்றியது, 1934-இல் மறுபடி அணை வந்து நீர் ஏறியது. 1941-இல் வடபகுதியை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கு வடக்கே மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசின் தேசிய வனவிலங்குப் புகலிடம். அது பெரும்பாலும் வாத்துகள் இறங்கி ஓய்வெடுக்கிற இடம். தெற்கே சுமார் 11,000 ஏக்கர் மாநிலத்தின் வனவிலங்குப் பகுதி, அங்கே சீசனில் வாத்து வேட்டை உண்டு. நான் அன்று நின்றது தெற்கில். இடையில் வேலி ஒன்றும் கிடையாது. ஆனால் வாத்துகளுக்கு அந்தக் கோடு தெரிகிறதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு, சுடத் தொடங்கியதும் கூட்டமாக எழும்பி வடக்கே போவதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, நிலம் வாங்க, மதகு கட்ட, ஆள் வைக்கக் காசு எங்கிருந்து வருகிறது? விஷயத்தின் மையமே இதுதான்.

1930-களில் மழை பொய்த்து, சதுப்புகள் வறண்டு, வாத்து எண்ணிக்கை விழுந்தது. அப்போது டிங் டார்லிங் என்ற அரசியல் கார்ட்டூனிஸ்டை அதிபர் ரூஸ்வெல்ட் வனவிலங்குத் துறைக்குத் தலைவராகக் கொண்டுவந்தார். 1934-இல் ஒரு சட்டம் வந்தது: வலசை நீர்ப்பறவையை வேட்டையாடுகிறவர் ஒரு டாலர் கொடுத்து ஸ்டாம்ப் வாங்க வேண்டும். முதல் ஸ்டாம்பின் படத்தை டார்லிங்கே வரைந்தார், தண்ணீரில் இறங்குகிற இரண்டு மல்லார்ட் வாத்துகள். இன்று அதன் விலை 25 டாலர், வருடா வருடம் ஓவியப் போட்டி வைத்துப் படம் தேர்ந்தெடுக்கிறார்கள். டாலருக்கு 98 சென்ட் நேராக நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது இன்னும் பெரியது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த கலால் வரியை வனவிலங்குக்கு என்று திருப்பிவிட்டார்கள். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், பின்னாளில் சேர்ந்த கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், வில் அம்புக்கும் உண்டு. வரியைக் கட்டுவது தயாரிப்பாளர், விலையில் சேர்ந்து சுமப்பது வாங்குகிறவர். அது மாநிலங்களுக்குப் பிரிந்து போகும்: நூறு டாலர் வேலையில் 75 டாலர் இதிலிருந்து, 25 டாலர் மாநிலம் போட வேண்டும். 2022-இலும் 2023-இலும் இது நூறு கோடி டாலரைத் தாண்டியது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நிபந்தனை. வேட்டை லைசென்ஸில் வசூலாகிற பணத்தை வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் எடுக்க மாட்டோம் என்று மாநிலம் தன் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் மத்தியப் பணம் ஒரு காசு கிடையாது. சாலை போடப் பணம் இல்லை, வாத்துப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த ஆளுநருக்கும் ஆசை வரத்தான் செய்யும். இந்த ஒரு வரி அந்தக் கையைக் கட்டிப்போட்டது. இந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தையும் அப்படித்தான், நினைத்தபடி விளையாட்டு மைதானமாகவோ வீட்டு மனையாகவோ மாற்ற முடியாது.

பலன் கண்ணெதிரே இருக்கிறது. 1900 வாக்கில் நாடு முழுக்கச் சில லட்சமாகச் சுருங்கிய வெள்ளைவால் மான் இன்று கோடிக்கணக்கில். காட்டு வான்கோழி விஸ்கான்சினில் 1880-களிலேயே அற்றுப்போனது. பண்ணையில் வளர்த்து விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. 1976-இல் மிசௌரி மாநிலத்தில் காட்டில் பிடித்த 29 வான்கோழிகளைக் கொண்டுவந்து வெர்னான் கவுண்டி என்ற மாவட்டத்தில் விட்டார்கள். பதிலுக்கு விஸ்கான்சின் கொடுத்தது தன் கிரௌஸ் பறவைகளை, பண்டமாற்று. 1983-இல் முதல் வசந்தகால வேட்டை நடத்தும் அளவுக்குப் பெருகிவிட்டது. இப்போது எங்கள் குடியிருப்பின் குப்பைத்தொட்டிப் பக்கமே காலையில் எட்டுப் பத்து நிற்கின்றன. சுட்ட இறைச்சியை விற்கக் கூடாது என்ற விதிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தின்னலாம், கொடுக்கலாம், உணவு வங்கிக்குத் தானம் தரலாம். கடையில் வைக்க முடியாது. சந்தையை மூடியதுதான் பறவையைக் காப்பாற்றியது.

வேட்டைக்காரர் எல்லாவற்றையும் விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஈயக் குண்டு ஒரு உதாரணம். சுட்ட குண்டுகள் சேற்றில் விழுந்து கிடக்கும், வாத்து அதைக் கல் என்று நினைத்து விழுங்கும், ஈயம் ஏறிச் சாகும். இது தெரிந்தும் பல வருடம் எதிர்ப்பு இருந்தது, 1991-இல்தான் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் நாடு முழுக்கத் தடையானது. மான் வேட்டைத் தோட்டாவில் இன்றும் பெரும்பாலான மாநிலங்களில் ஈயம் உண்டு. காட்டில் விட்டுச் செல்கிற மான் குடலைத் தின்கிற வெண்தலைக் கழுகுகள் அதனால் நோய்ப்படுகின்றன. காசு கொடுக்கிறவர் என்பதற்காக இதைப் பேசாமல் இருக்க முடியாது.

இனி எனக்குக் கவலை தருகிற இடம். மத்தியப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கிற சூத்திரத்தில் பாதி பரப்பளவு, மறுபாதி லைசென்ஸ் வாங்கியவர் எண்ணிக்கை. அதாவது வேட்டைக்காரர் குறைந்தால் அந்த மாநிலத்தின் பங்கும் குறையும், லைசென்ஸ் வருமானமும் குறையும், இரண்டு பக்கமும் அடி. 1980-களின் தொடக்கத்தில் 1 கோடியே 70 லட்சத்தை நெருங்கியது லைசென்ஸ் வாங்கியவர் எண்ணிக்கை. 2016-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில் அந்த வருடம் வேட்டைக்குப் போனவர்கள் 1 கோடியே 15 லட்சம் (லைசென்ஸ் எண்ணிக்கையோடு இதை நேராக ஒப்பிட முடியாது). அதே கணக்கெடுப்பில் விலங்கையும் பறவையையும் பார்த்து ரசிக்கிறவர்கள் 8 கோடியே 60 லட்சம். என்னைப் போன்றவர்கள். பைனாகுலருக்கும் கேமராவுக்கும் பறவைத் தீனிக்கும் இப்படி ஒரு வரி கிடையாது. சதுப்பில் போட்ட மரப்பாதையில் நடந்து, நூறு படம் எடுத்து, ஒரு காசு கொடுக்காமல் வீட்டுக்கு வருகிறோம். அந்தப் படகுக்காரர் வருடம் முழுக்கக் கொடுத்த காசில்.

அதனால் துறைகள் என்ன செய்கின்றன? புதிதாக வேட்டைக்கு ஆள் சேர்க்கின்றன. பெண்களுக்கு வகுப்பு, பிள்ளைகளுக்குத் தனி வார இறுதி. இன்னொரு பக்கம், துப்பாக்கி விற்பனை ஏறினால் வனவிலங்குக்குப் பணம் ஏறுகிறது. பெருந்தொற்று வருடமான 2020-இல் ஜனங்கள் பயந்து போய் வாங்கிய கைத்துப்பாக்கிகள் வேட்டைக்கு அல்ல, ஆனால் அந்த வரியும் வாத்துக்குத்தான் போனது. மதகுப் பலகைக்கான காசு நகரத்து மனிதரின் பயத்திலிருந்து வருகிறது என்பது எனக்கு நெருடுகிறது.

காசு எங்கிருந்து வருகிறதோ, அங்கேதான் காதும் சாயும். மானுக்கும் வாத்துக்கும் வான்கோழிக்கும் கிடைக்கிற கவனம் தவளைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆமைக்கும் கிடைப்பதில்லை. சதுப்பைக் காப்பாற்றினால் அவையும் சேர்ந்து பிழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் வாத்துக்குத் தேவைப்படாத ஒரு மணற்காட்டில் இருக்கிற பூச்சிக்கு அந்தச் சமாதானம் உதவாது. ஓநாய் விஷயம் இன்னும் மோசமாகப் போனது. 2021 ஜனவரியில் மத்திய அரசு ஓநாயை ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தது. பட்டியலில் இல்லையென்றால் கட்டாயம் வேட்டை சீசன் வைக்க வேண்டும் என்று விஸ்கான்சினில் 2012-இலிருந்து ஒரு சட்டம். துறை நவம்பரில் வைக்கலாம் என்று நினைத்தது. வேட்டை அமைப்பு ஒன்று நீதிமன்றம் போய், பிப்ரவரியிலேயே வைக்கச் சொல்லி உத்தரவு வாங்கியது. அது ஓநாய் இணைசேர்கிற காலம். 200 ஓநாய் என்று அளவு வைத்து, அதில் 81-ஐ ஓஜிப்வே பழங்குடிகளுக்கும் 119-ஐ மற்றவர்களுக்கும் ஒதுக்கினார்கள். மூன்று நாள் முடிவதற்குள் கொன்றது 218. ஓஜிப்வே மக்கள் ஓநாயைச் சகோதரனாகப் பார்க்கிறவர்கள், தங்கள் பங்கைச் சுடாமல் விட்டுவைக்கவே நினைத்திருந்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் நீதிமன்றம் ஓநாயைத் திரும்பப் பட்டியலில் சேர்த்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் வேட்டை மீது அல்ல. மூன்று நாளில் நிறுத்த முடியாத நிர்வாகம் மீதும், அப்படி அவசரப்படுத்தியவர்கள் மீதும்தான்.

ஓஜிப்வே பெயர் வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். மாநிலத்தின் வடக்கே பொது நிலம் என்று நாம் சொல்வது அவர்களிடமிருந்து வந்த நிலம். 1837, 1842 ஒப்பந்தங்களில் வடக்கு விஸ்கான்சினைக் கொடுத்தபோது, அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் சேகரிக்கவும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மாநிலம் அதை நூறு வருடத்துக்கு மேல் மதிக்கவில்லை. 1983-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அந்த உரிமை உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஓநாயில் அவர்களுக்குத் தனிப் பங்கு வந்தது சலுகையால் அல்ல, இந்த உரிமையால்.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, பக்கத்திலேயே. நமக்கு வான்கோழி கொடுத்த அதே மிசௌரியில், அதே 1976-இல், மக்கள் வாக்களித்து ஒரு விற்பனை வரி கொண்டுவந்தார்கள்: சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு. எட்டு டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு சென்ட். மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டதால் அதைத் தொட முடியாது. வேட்டைக்காரரும் கொடுக்கிறார், பறவை பார்க்கிறவரும் கொடுக்கிறார், இரண்டும் செய்யாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பவரும் கொடுக்கிறார். ஆர்கன்சா 1996-இல் இதே வழிக்கு வந்தது, மினசோட்டா 2008-இல் இன்னும் பெரிய அளவில். விஸ்கான்சினுக்கும் இது புதிதல்ல. 1961-இல் கேலார்ட் நெல்சன் ஆளுநராக இருந்தபோது ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கு ஒரு சென்ட் வரி போட்டு, ஐந்து கோடி டாலருக்குப் பொது நிலம் வாங்கத் திட்டம் கொண்டுவந்தார். பின்னாளில் பூமி தினத்தைத் தொடங்கியவர் அவர்தான். நாடு முழுக்க, வேட்டைக்கு உதவாத உயிர்களுக்கும் நிதி ஒதுக்கும் மசோதா ஒன்று 2022 ஜூனில் கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. பைனாகுலர் வரி என்று வந்தால் நான் சந்தோஷமாகக் கட்டுவேன், ஆனால் மிசௌரி வழிதான் சரி என்பது என் கட்சி: தவளைக்கு ஆதரவாளர் கூட்டம் கிடையாது, எல்லோரும் கொடுத்தால்தான் அதற்கும் பங்கு வரும்.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்யலாம். வாத்து ஸ்டாம்பை வாங்க வேட்டைக்காரராக இருக்க வேண்டியதில்லை, தபால் நிலையத்திலேயே கிடைக்கும். வேட்டைக்காரர் அதன்மேல் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் வசூலிக்கிற தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். நான் அந்த அக்டோபருக்குப் பிறகு ஒரு வருடமும் விடவில்லை; ஜூலை முதல் தேதியிலிருந்து புதுசு செல்லும், பைனாகுலர் பையில் செருகி வைப்பேன். அப்புறம், விஸ்கான்சினில் ஏப்ரல் மாதம் 72 கவுண்டிகளிலும் வேட்டை, மீன்பிடி விதிகள் பற்றி மக்கள் கருத்துக் கேட்டு வாக்கெடுப்பு நடக்கும், 1934-இலிருந்து இருக்கிற ஏற்பாட்டின் தொடர்ச்சி. ஆலோசனைதான், ஆனால் துறை கேட்கிறது. லைசென்ஸ் இல்லாதவரும் கலந்துகொள்ளலாம். பறவை பார்க்கிறவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

இந்த நிலங்களுக்கு நடக்கப் போகிறவர்களுக்கு: ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முடிய பறவைகள் தரையில் கூடு கட்டுகிற காலம், மாநில வனவிலங்குப் பகுதிகளில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் மான் வேட்டை, ஆறு லட்சத்தை ஒட்டி ஆட்கள் காட்டில் இருப்பார்கள். அவர்கள் இடுப்புக்கு மேல் பாதிக்குக் குறையாமல் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு போட வேண்டும் என்பது சட்டம். 2016-இலிருந்து பளீர் பிங்க்கும் செல்லும். நடக்கப் போகிறவருக்குச் சட்டம் இல்லை, ஆனாலும் போட்டுக்கொண்டு போங்கள், பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள். பழுப்பு ஜாக்கெட்டும் வெள்ளைக் கையுறையும் மட்டும் வேண்டவே வேண்டாம். கோரைக்கு நடுவில் வெள்ளையாக ஏதாவது அசைந்தால் அது மானின் வால் போலவே இருக்கும்.